மிமூன் நீட்டிப் பார்த்த கோடுகள்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், மிமூன் ஒரு செம்மறியாட்டுத் தலையை ரொட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். கழுத்தோடு சேர்த்து வெட்டிய தலை. பெருநாள் அன்று எங்கள் தெருக்களில் பழைய இரும்புக் கட்டில்களை நெருப்பின்மேல் போட்டு ஆட்டுத் தலைகளைப் பொசுக்குவார்கள். எல்லா வீட்டுத் தலையும் அந்த நெருப்புக்குப் போகும். மிமூன் வீட்டுத் தலை மட்டும் எங்கள் புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பெயருக்கு முன் மரியாதைக்கு 'சி' சேர்த்தே கேட்டேன். "சி மிமூன், இது எந்த நோயாளி?"

"புது ஆளு. எழுதிக்கோ ராபிஆ. வயசு ரெண்டு. முகமூடி வேண்டாம், ஆடமாட்டான்."

தலையைச் சுற்றித் தண்ணீர்ப் பைகளை வைத்து மனிதக் கழுத்தின் பருமனுக்குக் கொண்டுவந்தார். முதலில் பெரிய ஸ்கேன் இயந்திரத்தில் படம் எடுத்தோம். பிறகு அதே பெட்டியை அசைக்காமல் தூக்கிக்கொண்டு போய், கதிர்ச் சிகிச்சை கொடுக்கும் இயந்திரத்தில் இன்னொரு படம். இரண்டையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு ஓர் அட்டவணை எழுதினார். மூன்று வருடத்தில் பதினோரு தலைகள். பெருநாள் இல்லாத மாதங்களில் கசாப்புக் கடையில் வாங்கினார். அவர் மனைவி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "என் ஃப்ரிட்ஜைத் திறந்தா யாரோ என்னை முறைக்கறாங்க, நீயாவது சொல்லக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள். படம் எடுத்த தலையை அப்புறம் வீட்டில் வேகவைத்துச் சாப்பிட்டார்கள். கதிர் பட்ட கறியைத் தின்னலாமா என்று எங்கள் புற்றுநோய் டாக்டர் நஜ்லாவே ஒருநாள் சீண்டினார். "விளக்கு வெளிச்சம் பட்ட சோத்தை நீங்க சாப்பிடறதில்லையா?" என்றார் மிமூன்.

அவர் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் குஸ்குஸ் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்தேழு. கஷ்டப்படாமல் போனார் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதில் ஆறுதல்தான். கஷ்டப்பட்டுப் போகிறவர்களை எங்கள் வேலையில் நிறையவே பார்க்கிறோம்.

பெர்கானில் ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் தொழிலாளியின் மகன். பௌதிகம் படித்து, தெற்கே பாலைவனத்தை ஒட்டிய ஓர் ஊரில் பதினோரு வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தார். முப்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு தலைநகர் ரபாத்துக்குப் போய், மருத்துவமனைப் பௌதிகம் படித்தார். ஏன் என்று கேட்டால், "பதினோரு வருஷம் பிள்ளைங்களுக்குக் கதிரைப் பத்திச் சொல்லிக்குடுத்தேன், அதை வேலை செய்ய வச்சு ஒரு நாள் பார்க்கணும்னு தோணுச்சு" என்பார். நோயாளிகளுக்கு டாக்டரைத் தெரியும். தினமும் மேசையில் படுக்கவைத்து, தலை ஆடாமல் இருக்க முகமூடியை மாட்டிவிடும் என்னைத் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு கதிர் போகவேண்டும், உடம்புக்குள் எந்த இடத்தில் எவ்வளவு தங்கும் என்று கணக்குப் போடும் மிமூனை அவர்களுக்குத் தெரியாது. ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருப்பார். டவுரிர்ட்டிலிருந்து வந்த டாக்ஸிக்காரர் ஜிலாலியின் விஷயத்தில்தான் அவர் அறையைவிட்டு வெளியே வந்தார். அந்த இரண்டு நாளைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஜிலாலிக்கு நாற்பத்தொரு வயது. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே புற்று. எங்கள் பக்கத்தில் இது அதிகம். முப்பத்துமூன்று நாள் கதிர்; வாரத்துக்கு ஐந்து நாள். கதிர் போகும் பாதைக்கு மிக அருகில் கழுத்துத் தண்டுவடம் இருக்கிறது. கதிரைக் கிரே என்ற அலகால் அளப்போம்; தண்டுவடம் நாற்பத்தைந்து கிரே வரைதான் தாங்கும் என்று டாக்டர் எல்லை வைத்திருந்தார். தாண்டினால் உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கால் மரத்துப்போகும், பிறகு நடையே போய்விடும். தொடக்கத்தில் பெரிய ஸ்கேனை வைத்து மிமூன் போட்ட கணக்கு நாற்பத்தொன்று. எல்லாம் சரியாக இருந்தது.

மூன்றாவது வாரத்தில் ஜிலாலி ஏழு கிலோ இறங்கிவிட்டார். எச்சில் விழுங்கினாலே முள் குத்துவதுபோல வலி. ஹரீரா சூப்பைக்கூட அவருடைய அக்கா யம்னா வடிகட்டி, ஆற்றி, கரண்டியால் கொடுத்தாள். கழுத்து மெலிந்து முகமூடி தொளதொளத்தது. கழுத்தில் சதை குறைந்தால் கதிர் முன்பைவிட எளிதாக உள்ளே போகும். அதனால் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். வழக்கமாக அதற்குப் பெரிய ஸ்கேனில் புதுப்படம் எடுப்போம். ஆனால் அதன் குழாய் கருகிப் பத்து நாள் ஆகியிருந்தது. மாற்றுக் குழாய் இன்னும் கப்பலில் இருந்தது.

மிச்சம் இருந்தது, சிகிச்சை இயந்திரத்தில் தினமும் எடுக்கும் காலைப் படம். நோயாளி சரியான இடத்தில் படுத்திருக்கிறாரா என்று பார்க்க மட்டும் எடுக்கும் சின்னப் படம் அது. நம் கண்ணுக்குப் படத்தில் தெரிவது கறுப்பும் வெளுப்பும். கணக்குப் போடும் கணினிக்கு அவை எண்கள். தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்குக் கழித்தல் ஆயிரம், எலும்புக்குப் பல நூறு. காலைப் படம் கலங்கிய படம். அதன் எண்களை அப்படியே நம்ப முடியாது. பதினோரு ஆட்டுத் தலைகளும் அதற்காகத்தான். காலைப் படம் ஓர் எண்ணைக் காட்டினால், பெரிய ஸ்கேன் அந்த இடத்தில் என்ன காட்டியிருக்கும் என்று மிமூனின் அட்டவணை சொல்லும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அட்டவணையை வைத்து ஜிலாலியின் கணக்கைப் போட்டார். முப்பத்துமூன்று நாளும் முடியும்போது தண்டுவடத்துக்கு நாற்பத்தொன்பது என்று வந்தது.

டாக்டர் நஜ்லா திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நிறுத்திடலாம் மிமூன். ஸ்கேன் சரியாகற வரைக்கும்."

"எத்தனை நாள்?"

"பத்து, பன்னெண்டு."

"பன்னெண்டு நாள் விட்டா புத்து சும்மா இருக்குமா?"

"இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? வேற ஊருக்கு அனுப்பிப் பார்த்தாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்க அவங்களுக்கு ரெண்டு வாரம் ஆகும். அதுக்காக அந்த மனுஷனைப் படுக்கையில போட முடியுமா?"

மிமூன் திரையில் விரலை வைத்தார். கீழ்க்கழுத்தின் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடின, சீப்பால் இழுத்ததுபோல. "இந்தக் கோடு இருக்கற இடத்துல எண்ணெல்லாம் செத்துப்போயிருக்கு. இங்க சதையே இல்ல, பாதி காத்துன்னு கணினி நினைக்குது. அதான் கதிர் கூட உள்ள போகுதுன்னு சொல்லுது. போன வாரம் வரைக்கும் இந்தக் கோடு இல்ல."

"உங்க ஆட்டுத் தலையில தப்பு இருந்தா?"

"இருக்கலாம். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம் குடுங்க."

"ஒரு காலைதான்" என்றார் டாக்டர். அன்று மதியமே ஜிலாலியைக் கூப்பிட்டு, சிகிச்சை நிற்க வேண்டியிருக்கலாம் என்று சொல்லிவிட்டார். மறைப்பது அவர் வழக்கமில்லை. ஜிலாலிக்குக் குரல் அடைத்திருந்தது. "நிறுத்தினா திரும்ப வளருமா?" என்று காற்றாகக் கேட்டார். டாக்டர், "வளரலாம்" என்றார். யம்னா தம்பியின் குல்லாயைக் கழற்றித் திரும்பப் போட்டுவிட்டாள். வேறு செய்ய அவளுக்கு ஒன்றும் இல்லை.

மதியம் நோயாளிகள் போனபிறகு மிமூன் ஒரு தண்ணீர்க் கேனை மேசையில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். ஒரு கோடும் இல்லை.

"இயந்திரம் ஒழுங்கா இருக்கு. அப்போ கோட்டைக் கொண்டு வர்றது ஜிலாலிதான்" என்றார்.

ஜிலாலியின் படத்தை அச்செடுத்து, அதன் நாலு பக்கமும் வெற்றுத் தாள்களை ஒட்டினார். காலைப் படம் ஒரு வட்டத்துக்குள்தான் காட்டும். கழுத்து முழுதாகத் தெரியும். தோள் பாதியில் வெட்டுப்படும். மர அடிக்கோலை ஒவ்வொரு கறுப்புக் கோட்டின்மேலும் வைத்து, வட்டத்தைத் தாண்டி வெற்றுத் தாளில் பென்சிலால் நீட்டினார். பள்ளிக்கூட ஆசிரியரின் கை. கோடு கொஞ்சமும் நடுங்கவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. எல்லாக் கோடும் வட்டத்துக்கு வெளியே ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒன்பதாவதை இழுத்து முடித்தபோது அவை கூடிய இடத்தை ஒரு திர்ஹம் காசால் மூடிவிடலாம்போல இருந்தது. இடது தோள்.

"மூணு கோடு கூடினா தற்செயல்னு சொல்லலாம். ஒன்பது கூடியிருக்கு. அங்க உலோகம் ஏதோ இருக்கு. வட்டத்துக்கு வெளிய இருக்கறதால அது நமக்குத் தெரியல, அது பண்ற அட்டூழியம் மட்டும் தெரியுது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மேலே என்ன போட்டிருக்காரு?"

இடுப்புக்கு மேல் துணியே இருக்கக்கூடாது என்பது விதி. அது ஜனவரி மாதம். இயந்திரத்துக்காக அந்த அறையைக் குளிராக வைத்திருப்போம். எலும்பும் தோலுமாக அந்த மனிதர் நடுங்கியதைப் பார்த்து, உள்சட்டை இருக்கட்டும் என்று விட்டது நான்தான்.

"நான்தான் விட்டேன், சி மிமூன். பருத்தித் துணி, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"பருத்தியால ஒண்ணும் ஆகாதுதான்" என்றார். "விட்டது தப்பு. குளிருதுன்னு இரக்கப்பட்டது தப்பில்ல. நாளைக்கு ஒரு போர்வை கொண்டு வா."

மறுநாள் எட்டு மணிக்கு ஜிலாலி வந்தார். உடை மாற்றும் அறைக்கு மிமூனே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் பெயரைச் சொன்னார். "உங்க கணக்கைப் போடற ஆளு நான்தான். இடது தோள்ல பழைய கம்பி, குண்டு எதாவது இருக்கா?"

"குண்டா? நான் டாக்ஸி ஓட்டறவன் அண்ணே. ஆறு பேரை ஏத்திக்கிட்டு மலை ஏறுவேன், அதான் நான் பண்ணின போர்" என்று கிசுகிசுத்தார் ஜிலாலி. சொல்லும்போதே அவர் கை இடது தோளுக்குப் போய், சட்டென்று இறங்கியது. மிமூன் பார்க்காததுபோலத் தரையைப் பார்த்தார்.

"அக்கா வெளியதானே இருக்காங்க? அவங்களைக் கூப்பிடலாமா?"

யம்னா உள்ளே வந்ததும் தம்பியை முறைத்தாள். "நீ சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. படத்துல விழுந்திருக்கு."

"படத்துல நோய் தெரியட்டும். நான் வச்சது எதுக்குத் தெரியணும்?"

"தெரியல அக்கா, அதுதான் கஷ்டம்" என்றார் மிமூன். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்து கேட்டிருப்பேன். என்ன வச்சீங்க?"

யம்னா எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி புது டாக்ஸி வாங்கிய மாதத்தில்தான் கட்டி வந்தது. ஸ்டாண்டில் இருக்கும் அத்தனை பேர் கண்ணும் அந்த வண்டிமேல். சிகிச்சை நடக்கும்போதே சாப்பாடு இறங்காமல் போனதும் அவள் பொறுக்கவில்லை. கண்ணேறு கழிக்க ஒரு பெண்ணை வரவழைத்து, அவன் தலைக்குமேல் போர்வை பிடித்து, ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றச் செய்தாள். "ஊத்தினா எப்படி விழுந்துச்சு தெரியுமா? ஒரு கண்ணு. இமை உள்பட. அதை வெளிய போட மனசு வரல. நோய் இருக்கற இடத்துக்குக் கிட்ட இருக்கட்டும்னு உள்சட்டைத் தோள்ல வச்சுத் தைச்சேன். நாலு நாளாச்சு."

"சிரிப்பீங்கன்னுதான் சொல்லல" என்றார் ஜிலாலி.

"எதுக்குச் சிரிக்கணும்? அந்த இயந்திர அறைக் கதவைப் பாருங்க, உள்ள முழுக்க ஈயம். நாங்க எல்லாரும் அதை நம்பித்தான் வெளிய நிக்கறோம்."

யம்னா கதவைப் பார்த்தாள். "அந்தக் கதவு ஊருக்கே பொது. இது இவனுக்குன்னு ஊத்தினது."

"சரி. எறியச் சொல்லல. இவரு உள்ள இருக்கற பத்து நிமிஷம் நீங்க கையில வச்சுக்குங்க. வெளிய வந்ததும் குடுத்துடுங்க."

"அந்தப் பத்து நிமிஷத்துல கண்ணு பட்டா?"

"அப்போ இவரைப் பார்க்கறது நானும் ராபிஆவும்தான். எங்க மேல சந்தேகமா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க மேல இல்ல. இவ கண்ணு கொஞ்சம் பெருசு."

ஜிலாலி சிரிக்கப்போய் இருமினார். இரண்டு வாரத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். யம்னா தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. ஒருபக்கம் வழவழப்பு, மறுபக்கம் கரடு. உண்மையில் அது கண்போலத்தான் இருந்தது. அது இருந்த இடத்தில் தோல் லேசாகச் சிவந்திருந்தது. மிமூன் குனிந்து பார்த்து அளவெடுத்துக்கொண்டார். சில கோணங்களில் கதிர் அந்தத் துண்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதன் நிழல் தோளோடு நின்றுவிட்டது, நோய் இருக்கும் இடத்துக்குப் போகவில்லை என்று பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார்.

போர்வையைப் போர்த்திப் படம் எடுத்தோம். திரையில் கழுத்து வந்தது. ஒரு கறுப்புக் கோடு இல்லை. ஆனாலும் மிமூன் முகத்தில் மாற்றம் தெரியவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்பது பாதிதான். கதிர் கொடுக்கலாமா என்பதை எண்தான் சொல்ல வேண்டும். கோடுகள் போனபிறகும் நாற்பத்தேழு என்று வந்தால்? மெலிந்த கழுத்து மெலிந்த கழுத்துதானே.

ஜிலாலியை மேசையிலிருந்து இறக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தேன். யம்னா ஈயத் துண்டை மூடிய கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்பது மணி ஆகியிருந்தது. டாக்டர் நஜ்லா வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"ஈயமா? எங்கம்மா எனக்குப் பரீட்சைக்கு முன்னாடி ஊத்தினாங்க."

"அப்புறம்?" என்றேன்.

"டாக்டர் ஆயிட்டேன்ல" என்றார். ஆனால் அவர் கண் மிமூனின் திரையைவிட்டு நகரவில்லை.

கணக்கு முடிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. நாற்பத்திரண்டரை. மிமூன் அதைச் சொல்லாமல் மறுபடி தொடங்கினார். இந்தமுறை அட்டவணையில் சந்தேகம் உள்ள இடங்களில் எல்லாம் வேண்டுமென்றே நமக்குப் பாதகமான எண்ணைப் போட்டார். "பதினோரு ஆடும் சேர்ந்து பொய் சொன்னாலும் எவ்வளவு வரும்னு பார்க்கறேன்" என்றார். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அதுவும் முடிந்தது.

நாற்பத்துமூன்று.

டாக்டர் நஜ்லா கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிறுத்த வேண்டாம். ராபிஆ, கூட்டிட்டு வா."

"இருங்க, நான் போறேன்" என்றார் மிமூன்.

அவர் காத்திருப்போர் கூடத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை. அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. யாரும் எழுந்து வழிவிடக்கூட இல்லை. நான் பின்னாலேயே போனேன். ஜிலாலியின் முன்னால் நின்று, "இன்னைக்கும் உண்டு. நாளைக்கும் உண்டு. முப்பத்துமூணும் உண்டு" என்றார்.

ஜிலாலி உட்கார்ந்த இடத்திலேயே சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கிவிட்டார். யம்னா, "இங்கேயாடா? உள்ள போய்க் கழட்டு, பொம்பளைங்க உக்காந்திருக்காங்க" என்று அவர் முதுகில் தட்டினாள். தட்டிய கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு அழுதாள்.

ஒருநாள்கூட விடாமல் முப்பத்துமூன்றும் முடிந்தது. நடுவில் குழாய் வந்து சேர்ந்தது. பெரிய ஸ்கேனில் புதுப்படம் எடுத்துக் கணக்குப் போட்டபோது தண்டுவடத்துக்கு நாற்பத்திரண்டு புள்ளி ஏழு. மிமூன் அந்த எண்ணைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆடுங்க பொய் சொல்லல" என்றார். அன்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நான் அறிந்து அவர் எடுத்த ஒரே அரைநாள் அது.

இது நடந்து நான்கு வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜிலாலி பரிசோதனைக்கு வருவார். கட்டி திரும்பவில்லை. வந்துபோன அன்று மாலை மிமூன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் ஒரே வார்த்தை கேட்பார். "கால்?"

"நல்லா இருக்கு" என்பேன். தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

போன வாரம் ஜிலாலி வந்திருந்தார். மிமூன் இறந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. அடக்கத்துக்கு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு அவரும் வந்தவர்தான். டாக்டர் பார்த்து அனுப்பியபிறகு என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"கால் எப்படி இருக்கு?" என்று நானே கேட்டேன்.

இடது காலைக் கொஞ்சம் தூக்கி, தரையில் இரண்டுமுறை மிதித்துக் காட்டினார்.

"கிளட்ச் மிதிக்குது அக்கா. மலைப் பாதையில நாள் பூரா மிதிக்குது."

அந்தப் பதிலை வாங்கிக்கொள்ள மிமூனின் அறையில் ஆள் இல்லை. அதனால் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.